சொல்லிக்கொள்ளக் கூடாத வீடு

அந்த அம்மாள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. யார், எந்த ஊர், யாரைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. சவரிநாதன் வாடகைச் சைக்கிளை வேலியில் சாய்த்து, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு "அம்மா" என்று கூப்பிட வாயெடுப்பதற்குள், செம்பும் கையுமாக வாசலுக்கு வந்து நின்று, "வந்துட்டியா" என்றாள்.

வந்தவரை வந்துவிட்டாயா என்று கேட்பது புதிதல்ல. ஆனால் அது தெரிந்தவர்களுக்குள் கேட்டுக்கொள்வது. சவரிநாதன் பிறந்து வளர்ந்தது சைகோனில். அப்பாவின் பூர்வீகம் புதுச்சேரிப் பக்கம் என்பதைத் தவிர இந்த மண்ணோடு அவனுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காலையில்தான் கப்பலிலிருந்து இறங்கியிருந்தான்.

செம்பில் தண்ணீர் விளிம்புவரை ததும்பியது. யாரோ வருகிறார்களே என்று அவசரமாக மொண்டு வந்ததாகத் தெரியவில்லை. வெகுநேரம் ஏந்திக்கொண்டே நின்றவள்போல அதை மறு கைக்கு மாற்றி நீட்டினாள்.

வேறு சமயமாக இருந்தால் அவன் இதைப் பற்றி யோசித்திருப்பான். சைகோனில் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து நூலகத்தில் இருபது வருஷம் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தவன்; யோசிப்பது அவனுக்குப் பழகிய காரியம். ஆனால் அப்போது அவனிடம் இருந்ததெல்லாம் தாகமும் எரிச்சலும்தான். வாங்கிக் குடித்தான். தண்ணீர் சில்லென்று, மண்வாடையோடு இறங்கியது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, முந்தின நாள் மாலையை உருவிப் போட்டு ஊறவைத்தது மாதிரி.

எரிச்சல் காலையிலேயே தொடங்கிவிட்டது.

சைகோனில் குண்டுச் சத்தம் தெருவுக்குள் வந்துவிட்ட வருஷம் அது. வீட்டை விற்று, புத்தகங்களைக் கொடுத்துவிட்டு, மனைவி மதலேனாளையும் ஏழு வயது மகள் செலினையும் கூட்டிக்கொண்டு மார்செய்லுக்குக் கப்பல் ஏறியிருந்தான். வழியில் புதுச்சேரிக்கு எதிரே கப்பல் ஒரு பகல் நங்கூரம் போட்டது. பயணிகளுக்குக் கப்பல் கம்பெனியே பஸ் ஏற்பாடு செய்திருந்தது.

"அந்த பஸ்ஸுல போனா இன்னா கொறைஞ்சிடுவீங்க?" என்றாள் மதலேனாள். "வில்லியனூர் மாதா கோயில காட்டுறான், சோறு போடுறான், பத்திரமா கொண்டாந்து வுடறான்."

"மந்தை மாதிரி ஏத்தி எறக்குவான். எனக்கு வாணாம்."

"தனியா போயி இன்னாத்த பாக்கப் போறீங்க?"

அவன் பதில் சொல்லவில்லை. பதினோரு வருஷக் கல்யாணத்தில் பாதிக்கு மேல் அவனுடைய அந்த மௌனத்தோடுதான் அவள் குடித்தனம் நடத்தியிருந்தாள். "பாஸ்போர்ட்டையாவது வச்சிட்டுப் போங்க" என்று மட்டும் கேட்டாள். மூன்று பேருக்கும் அது ஒன்றுதான். கரையில் கேட்பார்கள் என்று சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டான். கடைசிப் படகு ஐந்து மணிக்கு. ஆறுக்கு நங்கூரம் எடுத்துவிடுவார்கள், யாருக்காகவும் நிற்காது என்று ஒலிபெருக்கி இரண்டு பாஷையில் கத்தியது. அவன் ஏறாவிட்டால் பெண்டாட்டியும் பிள்ளையும் கையில் ஒரு காகிதம் இல்லாமல் முன்பின் தெரியாத தேசத்தில் போய் இறங்குவார்கள்.

செலினுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளாக வாந்தி. வாடிய முகத்தோடு படுக்கையில் உட்கார்ந்து ஒரு சிவப்பு ரிப்பனை நீட்டினாள்.

"நீ கட்டுப்பா. அம்மா இறுக்கிக் கட்டுறாங்க. பூ மாதிரி கட்டு."

படகுக்காரன் கூப்பிட்டுவிட்டான். "வந்து கட்டுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

கப்பலின் வாசிப்பறையில் கிடைத்த பழைய பிரெஞ்சு வழிகாட்டிப் புத்தகம் ஒன்றுதான் இத்தனைக்கும் காரணம். பாகூர் ஏரிக்கு அப்பால் மூன்று சிற்றூர்கள் உண்டு, அவற்றின் ஓட்டுக் கூரைகளையும் சிறு கோயிலையும் பார்த்தால் பிரான்சின் உள்நாட்டுக் கிராமமொன்று வெயிலில் தூங்குவதாகத் தோன்றும் என்று அதில் எவனோ எழுதிவைத்திருந்தான். நிஜப் பிரான்சுக்குப் போய் வாழப்போகிறவனுக்கு, பிரெஞ்சுக்காரன் இங்கே எதை விட்டுவிட்டுப் போனான் என்று பார்க்கத் தோன்றியது. கடலூர் பஸ்ஸைப் பிடித்துக் கிருமாம்பாக்கத்தில் இறங்கி சைக்கிள் வாடகைக்கு எடுத்தான். கடைக்காரன் பலராமன், "பிரேக்கு கொஞ்சம் அப்படித்தான் சார். நிக்கணும்னு நெனைக்காதீங்க, அதுவா நிக்கும்" என்றான்.

மூன்று மணி நேரம் மிதித்ததில் கண்டது என்ன? எழுத்து உதிர்ந்த ஒரு சுங்கச் சாவடி. உள்ளே எருமை கட்டியிருந்தது. புத்தகத்தில் இருந்த ஊர்ப் பெயர்களை வாசித்துக் காட்டினால் யாருக்கும் விளங்கவில்லை. தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சில் கடித்துத் துப்பி எழுதியிருந்தார்கள். களை பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து, "பிரெஞ்சு ஊரா? இந்த வரப்பு பிரெஞ்சு, அந்த வரப்பு இங்கிலீசு. நீ எதுல நிக்கிறே பாத்துக்க" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அங்கிருந்து கரும்புக்கு நடுவே வண்டித் தடத்தில் வந்துதான் இந்த ஓட்டு வீட்டைப் பார்த்தான். பக்கத்தில் வேறு வீடு இல்லை. முன்னால் பச்சை ஓலையில் ஒரு பந்தல். இந்த வெயிலுக்கு நல்ல ஏற்பாடு என்று நினைத்தான்.

"உக்காரு. சோறு ஆறுது" என்றாள் அந்த அம்மாள். ஐம்பது வயது இருக்கும். தலை முடியாமல் விரித்து விட்டிருந்தாள்.

பந்தலுக்கு அடியில் வாழை இலை போட்டிருந்தது. ஓர் இலைதான். சோற்றிலிருந்து ஆவி எழுந்து, காற்றே இல்லாததால் நேராக மேலே போயிற்று. திறந்த கதவுக்கு உள்ளே, இருட்டில், கட்டிலில் ஓர் ஆள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தலைமாட்டில் ஒரு விளக்கு. உச்சிவெயிலில் எதற்கு விளக்கு?

"இல்லம்மா, நேரமாவுது." கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டே கால். "கிருமாம்பாக்கத்துக்கு எப்படிப் போவணும்?"

"இப்படியே நேரா போ."

எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான். ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அப்பா அவனை அடித்துப் பழக்கியிருந்தார். திரும்பி வராதவன்தான் போறேன் என்பான். நாற்பது வயதில் அது யோசிக்காமலே வாயில் வரும்.

"வரேம்மா."

"எப்போ?" என்றாள் அவள்.

யாரும் அப்படிக் கேட்டதில்லை. சிரித்து வைத்துவிட்டு சைக்கிளில் ஏறினான்.

கரும்பு இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. தோகை ஒன்றோடொன்று உரசி, யாரோ பக்கத்திலேயே காகிதம் புரட்டுவதுபோல ஓயாமல் சரசரத்தது. காற்று இல்லையே, பிறகு எப்படி என்று ஒருமுறை தோன்றி மறைந்தது. தடம் இடப்பக்கம் வளைந்தது, மறுபடியும் இடப்பக்கம், ஒரு வாய்க்கால், ஒரு மோட்டார் கொட்டகை, மறுபடியும் கரும்பு. வெயில் பிடரியில் ஏறியது. சங்கிலி இரண்டு தரம் கழன்று, மாட்டியதில் கையெல்லாம் கறுப்பு மசி. பிரெஞ்சுக்காரனையும் பலராமனையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒரு வேலியைச் சுற்றித் திரும்பினான். எதிரே ஒரு கிணறு. அதை ஒட்டி ஓட்டு வீட்டின் பின்புறம். ஒரு துவைகல், அடுப்பு.

வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தான். பச்சை ஓலைப் பந்தல். இலை. ஆவி.

"வந்துட்டியா," என்றாள் அவள். "சொன்ன மாதிரியே வந்துட்டே."

மணி ஒன்றே கால். கோபத்தில் கத்தினான். "நேரா போன்னு சொன்னீங்களேம்மா. சுத்தி இங்கியே வந்து நிக்கிறேன். எனக்குக் கப்பல் இருக்கு."

"நேராத்தான் வந்திருக்கே" என்றாள்.

பின்பக்கம் கண்ட அடுப்பு அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. அதில் நெருப்பில்லை. சாம்பல் குளிர்ந்து, மழையில் நனைந்து இறுகி, அதன்மேல் எறும்பு புற்று வைத்திருந்தது. எங்கே பொங்கிய சோறு இது? உள்ளே பார்த்தான். கட்டிலில் இருந்த ஆள் இப்போது மல்லாந்து கிடந்தான். தாடையைச் சுற்றித் தலையோடு ஒரு வெள்ளைத் துணி. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கிழிசலால் கட்டியிருந்தது.

கல்லறைக்கு எடுக்கும் முன் அப்பாவின் கால்விரல்களை அப்படிக் கட்டியதை அவன் ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறான்.

கோபம் வடிந்து வெட்கமாயிற்று. செத்த வீட்டில் நின்று வழி தெரியவில்லை என்று கத்தியிருக்கிறோம். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். தலைகுனிந்து நின்றான். சொல்ல எத்தனையோ இருந்தும், கடைசியில் வாயில் வந்தது அந்த ஒன்றுதான்.

"வரேம்மா."

"வா" என்றாள் அவள், ஆறுதலாக.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைந்த பிறகு, மடை திருப்பிக்கொண்டிருந்த ஒரு மனிதனைக் கண்டபோது சவரிநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் வயதுதான் இருக்கும். முழங்கால்வரை சேறு. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இவனுடைய தொப்பியையும் பூட்ஸையும் மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா தொர, உங்காளுங்க போயி பதினோரு வருசம் ஆவுது. இப்ப வந்து இன்னாத்த தேடுறே?"

"கிருமாம்பாக்கம் போவணும். எப்படிப் போனாலும் ஒரே எடத்துக்கே வந்து நிக்குது."

"சைக்கிள் பலராமனுதா? அப்ப அதுவும் ஒரு காரணமா இருக்கும்." சிரித்தான். "எந்த எடம்?"

"கரும்புக்குள்ள, ஓட்டு வூடு. பந்தல் போட்டு..."

சிரிப்பு நின்றது. அவன் குனிந்து வாய்க்காலில் கையைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

"சோறு தின்னியா?"

"இல்ல."

"கெளம்பறப்ப இன்னா சொன்னே?"

"இன்னா சொல்லுவாங்க? வரேன்னுதான்."

"எத்தினி தபா?"

"ரெண்டு."

அந்த மனிதன் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தான். "ஏன்யா, சாவு வூட்ல போயி எவனாச்சும் வரேன்னு சொல்லுவானா? பேசாம எழுந்து, திரும்பிப் பாக்காம போறதுதான வழக்கம். வரேன்னா இன்னா அர்த்தம்? இன்னொரு சாவுக்கு வரேன்னு அர்த்தம். உங்கப்பன் சொல்லிக்குடுக்கல?"

அப்பா பாதிதான் சொல்லிக்கொடுத்திருந்தார். கடல் கடந்த இடத்தில் மீதிப் பாதிக்கு வேலை வந்திருக்காது.

"யார் செத்தது அங்க? எப்ப செத்தாங்க?"

"நான் பொறந்தப்பவும் அது சாவு வூடுதான். எங்கப்பன் கண்ணு தெரிஞ்ச நாள்லேர்ந்தும் சாவு வூடுதான்." மண்வெட்டியைத் தோளில் போட்டான். "கண்ணையன் சொல்றேன், கேட்டுக்க. சொன்ன சொல்லு நிக்கிற வரிக்கும் வழி வுடாது. மறுபடியும் போ. போயி உக்காரு. எழுந்திரு. வந்துரு. அவ இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத."

"நீயும் கூட வாப்பா."

"எனக்குப் புள்ளைங்க இருக்கு" என்றான் கண்ணையன். வரப்பில் இறங்கி நடந்துவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி வைத்தான். வீடு வந்துவிட்டது.

மணி இரண்டே முக்கால். தோகை சரசரப்பது நின்றிருந்தது. ஈ, காக்கை, தூரத்து மோட்டார், ஒன்றும் இல்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு பந்தலுக்கு அடியில் போய் உட்கார்ந்தான். வாடை அதிகமாகியிருந்தது. வாடிய மாலை, எண்ணெய், ஈரத் துணி.

"வந்துட்டியா."

வாயைத் திறக்கவில்லை.

உள்ளே கட்டில் காலியாக இருந்தது. பாயில் ஆள் கிடந்த பள்ளம் அப்படியே இருந்தது. கால்மாட்டில் அந்தக் கிழிசல் துணி, வட்டமாக, முடிச்சு அவிழாமல் கிடந்தது. அவள் கட்டிலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, விருந்தாளியிடம் பேசுவதுபோலச் சாவகாசமாகக் கேட்கத் தொடங்கினாள்.

"கப்பல் எத்தினி மணிக்கு?"

பல்லைக் கடித்தான்.

"கடல் தண்ணி ஒத்துக்கலயாமே புள்ளைக்கு."

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பாஸ்போர்ட் இருந்தது. பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டான். நான் சொல்லவில்லை. கப்பல் இருக்கிறது என்றுதான் சொன்னேன். பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை.

"ரிப்பன் கட்டணும்ல? இறுக்காம கட்டணும். பூ மாதிரி."

எழுந்தான். சைக்கிள் இருக்கும் இடம் எட்டு அடி.

"பேரு இன்னாப்பா புள்ளைக்கு?"

ஏழு. ஆறு.

"தனியாவா இருக்கு?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். உப்புக் கரித்தது. சைக்கிளை நிமிர்த்தினான். பெடலில் கால் வைத்தான். வாழ்நாளெல்லாம் பேசாமலே இருந்து பழகியவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? இன்னும் நாலு அடி. வேலி. தடம். அவ்வளவுதான்.

வேலியைத் தாண்டினான். தாண்டியதும் நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்துகொண்டது. அவன் மூச்சு விட்டான்.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. கேள்வி இல்லை. மிரட்டல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பேசிவிட்டு எழுந்திருக்கும்போது சொல்கிற மாதிரி, சாதாரணமாக.

"சரிப்பா. அப்ப நான் வரேன்."

"வாங்கம்மா" என்றான் சவரிநாதன். 

வரேன் என்றால் வாங்க. நாற்பது வருஷத்துப் பழக்கம். வார்த்தை வாயைத் தாண்டி, தடத்தில் பத்து முழம் போன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. பிரேக்கைப் பிடித்தான். அது நிற்கவில்லை. தானாக நின்றபோது திரும்பிப் பார்த்தான். கரும்பு. கரும்புக்கு மேலே வெள்ளை வெயில். ஓடும் இல்லை, பந்தலும் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாமே லேசாக நடந்தது. தடம் நேராகச் சாலையில் போய் ஏறியது. சங்கிலி ஒருமுறைகூடக் கழலவில்லை. பலராமன், "நின்னுச்சா சார்?" என்று கேட்டுச் சிரித்தான். கேட்டு முடிப்பதற்குள் கடலூரிலிருந்து வந்த பஸ் எதிரே நின்றது. ஜன்னலோரம் இடம் இருந்தது. வழியில் யாரும் கைகாட்டி நிறுத்தவில்லை. காலையிலிருந்து ஒரு காரியமும் சரியாக நடக்காதவனுக்கு இப்படி எல்லாமே சரியாக நடப்பது நல்லதாகப் படவில்லை. வெறும் வார்த்தைதானே என்று சொல்லிக்கொண்டான். கரும்புக்காட்டில் ஒரு பைத்தியக்காரி. வெயில். பசி. கண்ணையனுக்கு ஒரு தொப்பிக்காரன் கிடைத்தான், பயமுறுத்தி விளையாடினான். பஸ்ஸின் குலுக்கலில் இதை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தான். பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

துறைமுகப் பாலத்தில் கடைசிப் படகு கட்டிக் கிடந்தது. மணி நாலே முக்கால். மார்பில் கை வைத்துப் பாஸ்போர்ட்டைத் தடவிக்கொண்டான். படகு அலையில் ஏறி இறங்க, சாய்ந்த வெயிலில் கப்பலின் வெள்ளை உடம்பு சிவந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மதலேனாள் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கியது. இனிமேல் அவளோடு பேச வேண்டும், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஏணிப்படியில் ஏறினான்.

"உசுரு போயி உசுரு வருது எனக்கு" என்றாள் அவள். "கையெல்லாம் இன்னா கறுப்பு? காலையிலேர்ந்து சோறாவது தின்னீங்களா?"

"பாப்பா எங்க?"

"தூங்குறா. மத்தியானம் மறுபடியும் ரெண்டு தபா வாந்தி எடுத்தா. நல்லவேளை, ஆளையாவது அனுப்பணும்னு நெனைச்சீங்களே. இல்லன்னா நான் இங்க வந்து நின்னு பாத்திருக்க முடியுமா?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க அத்தையாமே. அப்பா வழியாம். இத்தினி வருசத்துல ஒரு வார்த்த சொன்னீங்களா நீங்க? மூணு மணி படகுல வந்தாங்க பாவம், கையில ஒரு செம்பத் தூக்கிக்கிட்டு. நீங்க வாங்கன்னு கூப்ட்டீங்களாமே."

"மதலேன்."

"கூட உக்காந்திருக்காங்க. பாப்பா அவங்ககிட்ட எப்படி ஒட்டிக்கிச்சு தெரியுமா? என்னை ரிப்பன் கட்டவே வுடல, அவங்க..."

அவன் ஓடிக்கொண்டிருந்தான். இரும்புப் படி. கீழ்த்தளம். நீண்ட நடை. இருபக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். எந்தக் கதவுக்குப் பின்னாலும் சத்தம் இல்லை. இயந்திரம் உறுமத் தொடங்கித் தரை அதிர்ந்தது. சுவரைப் பிடித்தான். கறுப்புக் கை, வெள்ளைச் சுவரில் நாலு விரல் தடம். எண்ணெய் வாசனை. அதற்கு அடியில் அந்த வாடை. வாடிய மாலை. ஈரத் துணி.

அவர்கள் அறை. கதவு ஒருக்களித்திருந்தது.

வாசலில் செம்பு. விளிம்புவரை தண்ணீர். கப்பல் அசைந்தது. தண்ணீர் அசையவில்லை.

தள்ளினான்.

வட்டக் கண்ணாடியின் வழியே கடைசி வெயில் உள்ளே விழுந்திருந்தது. அது போதாதென்று படுக்கையின் தலைமாட்டில் ஒரு விளக்கு. தரையில் இலை. ஓர் இலைதான். சோற்றிலிருந்து ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இலைக்கு அந்தப் பக்கம் அவள் தலை முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா," என்றாள். "உக்காரு. சோறு ஆறுது."

படுக்கையில் செலின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கழுத்துவரை போர்வை. கீழே, போர்வைக்கு வெளியே, சின்னப் பாதங்கள் இரண்டும் சேர்ந்திருந்தன. கட்டைவிரல்கள் இரண்டையும் சுற்றிச் சிவப்பு ரிப்பன்.

இறுக்கவில்லை. பூ மாதிரி கட்டியிருந்தது.